எளிமைக்காக எடுத்த வரி

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பாலபாடம். முதலில் கிண்டலாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு மின்னஞ்சலில் கையெழுத்துக்குக் கீழே போட்டுக்கொண்டார். கிண்டல் செய்தவர்களுக்கு அதன்பிறகு சுவாரசியம் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவருடைய வேலை கணினிக்கு உள்ளே உளவு பார்ப்பது. ஒரு கணினியில் ஓடும் புரோகிராம்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஒரு கோப்பைத் திறக்கவோ, தகவல் சேமிக்கும் வட்டில் ஒரு எழுத்தை எழுதவோ கெர்னல் என்கிற அதிகாரியின் மேஜைக்கு வந்து நின்றாக வேண்டும். அந்த மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, யார் வந்தார், என்ன கேட்டார், எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று பார்த்துச் சொல்ல வழி இருக்கிறது. அதற்கு டிரேசிங் என்று பெயர். எதிர்வீட்டு மாடியில் இருக்கும் அம்மாள் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு காலம்காலமாகச் செய்துவருவதும் அதேதான். அந்த அம்மாளை யாரும் மாநாடுகளுக்குப் பேச அழைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலபாடத்தை அழைத்தார்கள். காரணம் அவர் இணையத்தில் போட்டிருந்த உதாரணங்கள். புதிதாகக் கற்க வருபவர்களுக்காக அவர் எழுதிய முதல் உதாரணம் மிகச் சிறியது. கணினியில் எந்த புரோகிராம் தொடங்கினாலும் திரையில் ‘வணக்கம்’ என்று ஒரு வரி விழும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஆனால் கெர்னலுக்குள்ளேயிருந்து வருகிற வணக்கம் அல்லவா. அதைப் பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்கள் நன்றி எழுதினார்கள், அவர் அதைப் படித்தார். படித்ததும் அவருக்கும் சிலிர்த்தது. இரண்டாம் பாடத்தில் வணக்கத்தோடு புரோகிராமின் பெயரும் வந்தது. மூன்றாவதில் நேரம் வந்தது. இப்படிப் பத்துப் பாடம் வரை போய், பதினொன்றாவது இடத்தில் ‘தயாராகிறது’ என்ற பலகை தொங்கியது. அது பல வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் முதல் பத்தையே திரும்பத் திரும்பத் திருத்தி, புதிய பதிப்பு, மேம்பட்ட புதிய பதிப்பு என்று வெளியிட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் கண்டுபிடித்த கோளாறு என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அலுவலகத்தில் ஒரு மெஷின் மந்தமாகிவிட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, முதல் பாடத்தை ஓட்டுவார். பிறகு இரண்டாம் பாடம். மூன்றாம் பாடத்துக்குள் பொறுமையிழந்த யாராவது மெஷினை அணைத்துப் போட்டுவிடுவார்கள், அதுவும் சரியாகிவிடும். “பாத்தீங்களா, காரணம் கிட்ட வந்துட்டோம், அதுக்குள்ள கெடுத்துட்டீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். ஆனால் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

வீட்டில் கற்றுக்கொள்ள ஆள் இல்லை. மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்க ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று அடுத்தவர்களிடம் கேட்டுவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஒருவர் தெளிவில்லாமல் பேசினால் கை தானாகவே லென்ஸை மாற்றத் துடிக்கும்.

“குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு சொன்னேனே, என்னாச்சு?”

“கவனிச்சுட்டு இருக்கேன். ஒரே மாதிரி ஒழுகல. காலையில அதிகம், சாயங்காலம் கம்மி.”

“ஏங்க, நான் அதை நிறுத்தச் சொன்னேன். அதோட ஜாதகத்தை எழுதச் சொல்லல.”

அவர் வாழ்க்கையில் இருந்த ஒரே எதிரி சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவருக்கும் ஒரே வீட்டில் மரியாதை கிடைக்க வேண்டியிருந்ததால், யாருக்கு எவ்வளவு என்பதில் ஆரம்பத்திலிருந்தே இழுபறி. சகலை ஒரு தொலைதூரப் பேருந்துக் கம்பெனியில் மெஷின் அறையைப் பார்த்துக்கொண்டார். டிக்கெட் பதிவு ஓடும் கணினி அவர் பொறுப்பு. மேடை, மாநாடு எதுவும் கிடையாது. பதிவு ஓடினால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் ஊருக்கே தெரியும்.

“நான் மெஷினை ஓட்டறவன் சகலை” என்பார் விருந்துகளில், தட்டைப் பார்த்துக்கொண்டே. “நீங்க மெஷின் ஓடறதைப் பாக்கறவர். பாக்கறதும் ஒரு கலைதான், இல்லைன்னு சொல்லல.”

“பாக்காம ஓட்டறவங்களாலதானே சகலை விபத்து நடக்குது” என்பார் பாலபாடம்.

மாமனார் இருவரையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

அன்று காலை மனைவியின் அக்கா தொலைபேசியில் அழுதார். பேருந்துக் கம்பெனியில் டிக்கெட் பதிவு முந்தின நாள் நின்றுபோயிருந்தது. வட்டு நிரம்பிவிட்டது, புதிதாக ஒரு பெயரைக்கூட எழுத இடமில்லை. எது நிரப்பியது என்று தெரியவில்லை. தேடினால் பெரிய கோப்பு ஒன்றுமே இல்லை. மறுநாள் முதலாளி வருகிறார், அவரிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும்; காரணம் கிடைக்காவிட்டால் மெஷின் அறைக்காரரின் பெயரைச் சொல்லி அவரை அனுப்பிவிடுவதாக மேனேஜர் முடிவு செய்திருக்கிறார். அக்கா மேனேஜரிடம் கெஞ்சி, தன் தங்கை புருஷன் இதில் பெரிய ஆள், ஒரு தடவை அவர் பார்க்கட்டும் என்று அனுமதி வாங்கியிருந்தார்.

“பெரிய ஆள்னா சொன்னாங்க?” என்று கேட்டார் பாலபாடம்.

“அழுகையில சொன்னது. அதைப் பிடிச்சுக்காதீங்க” என்றார் மனைவி.

அவர் நல்ல சட்டையைத் தேடி எடுத்தார். மடிக்கணினியைப் பைக்குள் வைக்கும்போது மெல்லச் சீட்டியடித்தார்.

“ஏங்க, அங்க ஒருத்தருக்கு வேலை போகப்போகுது. நீங்க கல்யாணத்துக்குக் கிளம்பற மாதிரி கிளம்பறீங்க.”

“நான் போனா போகாது” என்றார் அவர், தலையைச் சீவிக்கொண்டே.

பேருந்துக் கம்பெனியின் முன்னால் வரிசை படிக்கட்டில் இறங்கி, நடைபாதையில் திரும்பி, மூடியிருந்த ஒரு சாவிக்கடையைத் தாண்டி நின்றது. பெட்டிகள் மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண், கண்ணாடித் துவாரத்தின் வழியாக “சிஸ்டம் இல்ல, சிஸ்டம் இல்ல” என்று சொல்லிச் சொல்லி, சொல்லுக்கு அர்த்தம் போய், தூக்கத்தில் பேசுகிறவரைப் போல ஆகியிருந்தார்.

மெஷின் அறை முன்பு டயர் கிடங்காக இருந்தது. ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். சகலை மூலையில் நின்றுகொண்டிருந்தார். தன் அறையிலேயே அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“வாங்க சகலை” என்றார். அவ்வளவுதான், வழக்கமான ஊசி ஒன்றுகூட வரவில்லை. பாலபாடத்துக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மேனேஜர் ஒரு அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு மனதில் ஏறும். “நீங்கதான் தங்கச்சி வீட்டுக்காரரா? பாருங்க. காரணம் தெரியாம நான் கவுன்டரைத் திறக்க மாட்டேன். திறந்து திரும்ப நின்னா ஜனங்க கண்ணாடியை உடைப்பாங்க.”

சகலை பாலபாடத்துக்கு விருந்தினர் என்ற பெயரில் எல்லா அதிகாரமும் உள்ள ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தார். சுவரில் பேருந்து நேரங்கள் ஓடும் பெரிய டி.வி. ஒன்று இருந்தது. பாலபாடம் தன் பாடங்கள் ஓடும் திரையை மட்டும் அதில் தெரியும்படி இணைத்தார். இது அவசியமே இல்லை. ஆனால் பெரிய திரையும் எதிரே ஆட்களும் கிடைத்தால் அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது.

“கெர்னல்னு ஒண்ணு இருக்கு” என்று ஆரம்பித்தார்.

“இருக்கட்டும். மேல சொல்லுங்க” என்றார் மேனேஜர்.

முதல் பாடத்தை ஓட்டினார். டி.வி.யில் வணக்கம், வணக்கம், வணக்கம் என்று விழுந்தது. மேனேஜர் அதை நாலு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு நிறுத்தினார். “யாருக்கு இத்தனை வணக்கம்?” வாசலில் எட்டிப்பார்த்த கவுன்டர் பெண் சிரித்துவிட்டார். பாலபாடம் அவசரமாக நாலாம் பாடத்துக்குத் தாவினார். எந்தக் கோப்பை யார் திறந்தாலும் பெயரோடு ஒரு வரி காட்டுகிற பாடம் அது. வரிகள் வெள்ளமாக ஓடி மேனேஜருக்குத் தலை சுற்றியது. “மேடம், இதைக் கம்மி பண்ணிடலாம். உதாரணத்துக்கு, எங்க சகலையோட ஃபோல்டரை யார் தொடறாங்கன்னு மட்டும் பாக்கலாம்” என்று அதைக் குறுக்கினார். டி.வி. அமைதியானது. தூண்டிலைப் போட்டுவிட்ட மாதிரி, வெறுமையாகக் காத்திருந்தது.

மேனேஜருக்கு ஃபோன் வந்தது. “பாத்துட்டுக் கூப்பிடுங்க” என்று வெளியே போனார். கவுன்டர் பெண்ணும் போனார்.

அடுத்து அவர் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வட்டில் யார் அதிகம் எழுதுகிறார்கள் என்று மடிக்கணினியில் தனியாகப் பார்த்தார். கூட்டல் கழித்தல் தேவைப்படவில்லை. ஒரே ஒரு புரோகிராம் இடம் இல்லாதபோதும் மூச்சுவிடாமல் எழுத முயன்றுகொண்டிருந்தது. எழுதப்பட்ட கோப்பு அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த புரோகிராம் அதைக் கையைவிட்டு விடவில்லை. பெயர் இல்லாமல், பட்டியலில் தெரியாமல், இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோளாறைத் தானே கண்டுபிடித்துவிட்டோம் என்று பாலபாடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சகலை, மாட்டிக்கிச்சு” என்றார். புரோகிராம் எங்கிருந்து ஓடுகிறது என்று பார்த்தார். சகலையின் ஃபோல்டரிலிருந்து. திறந்தார்.

மேலே இரண்டு வரிகள். முதலாவதில் அவருடைய முழுப் பெயர், பட்டப் படிப்பு, அடைப்புக்குறிக்குள் பாலபாடம், அவருடைய புகைப்படம் இருக்கும் பக்கத்தின் முகவரி. இரண்டாவது: ‘எந்தக் கணினியிலும் தைரியமாக ஓட்டலாம். ஒன்றும் ஆகாது.’

அது ஆறாம் பாடம்.

“மெஷின் கொஞ்ச நாளா மெதுவா இருந்துது சகலை” என்றார் சகலை, வாளியைப் பார்த்துக்கொண்டு. “உங்களைக் கேக்கலாம்னுதான் நெனச்சேன். கேட்டா ஒரு வருஷத்துக்கு நீங்க எனக்குச் சொல்லிக்காட்டுவீங்க. அதான், தெரியாம உங்க பாடத்தையே எடுத்து ஓட்டிப் பாத்தேன். எழுதறதையெல்லாம் ஒரு கோப்புல போடச் சொல்லிட்டு, வேற வேலை வந்துது, போயிட்டேன். நேத்து பாத்தா அந்தக் கோப்பு மலை மாதிரி இருந்துது. பயந்துபோய் அழிச்சேன். அழிச்சும் இடம் வரல.”

“ஓடறதை நிறுத்தாம கோப்பை மட்டும் அழிச்சா எப்படி வரும்?”

“தெரியல சகலை. பாடத்துல அது இல்ல.”

பாடத்தில் இல்லாதது அது மட்டும் அல்ல. ஆறாம் பாடம் செய்யும் வேலை இதுதான்: வட்டில் யார் எதை எழுதினாலும், ‘இன்னார் எழுதினார்’ என்று ஒரு வரி எழுதும். ஆனால் அந்த வரியை எழுதுவதும் ஒரு எழுத்துத்தானே. உடனே ‘நான் எழுதினேன்’ என்று இன்னொரு வரி எழுதும். அதை எழுதியதைப் பார்த்து மறுபடி ஒரு வரி. தன் குரலைத் தானே கேட்டு, கேட்டதைச் சொல்லி, சொன்னதைக் கேட்டு, ஓயாமல் பேசிக்கொண்டே போகும். முதல் பதிப்பில் அவர் இதை யோசித்து ‘என்னைத் தவிர’ என்ற பொருளில் ஒரு வரி போட்டிருந்தார். மற்ற எல்லாரையும் பார், உன்னைப் பார்க்காதே என்று புரோகிராமுக்குச் சொல்லும் வரி. யாரோ ஒரு புதியவர் அந்த வரி எதற்கு என்று கேட்டார். விளக்க உட்கார்ந்தால் இரண்டு பக்கம் போனது, படமும் தேவைப்பட்டது. அவருக்கு அலுப்பாக இருந்தது. மேம்பட்ட புதிய பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு, பதிப்புக் குறிப்பில் ‘எளிமைக்காக’ என்று எழுதினார். அதன்பிறகுதான் ஆறாம் பாடத்துக்கு அவ்வளவு பாராட்டு வந்தது. ஓட்டிய உடனே திரை முழுக்க வரிகள் அருவியாகக் கொட்டின. தங்கள் கணினி இவ்வளவு உழைக்கிறதா என்று கற்பவர்கள் பூரித்துப்போனார்கள். அந்த உழைப்பெல்லாம் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட உழைப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் புரோகிராமை நிறுத்தினார். வட்டில் ‘ஹா’ என்று இடம் வந்துவிட்டது. சகலையின் முகத்திலும் ஒரு ‘ஹா’ வந்தது.

“அப்போ சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு.”

“காரணம் கேப்பாங்களே.”

“சொல்றேன்” என்றார் பாலபாடம். சொல்லிக்கொண்டே ஆறாம் பாடத்தின் கோப்பை எடிட்டரில் திறந்து, மேலே இருந்த இரண்டு வரிகளையும் அழித்துச் சேமித்தார்.

“என்ன சகலை பண்றீங்க?”

“சும்மா சுத்தம் பண்றேன். தேவையில்லாத வரி.”

ஏ.சி. வாளிக்குள் இரண்டு சொட்டு விழுந்தது.

மேனேஜர் வந்தார். பின்னால் கவுன்டர் பெண்ணும் வந்து கதவில் சாய்ந்து நின்றார். பாலபாடம் எழுந்து நின்று விளக்கினார். வட்டு நிரம்பியதற்குக் காரணம் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பயிற்சி நிரல் ஓட்டப்பட்டிருந்தது. அதில் ஒரு குறை இருந்திருக்கிறது.

“யார் ஓட்டினது?”

“இங்கேயிருந்துதான் ஓட்டப்பட்டிருக்கு.”

மேனேஜர் சகலையைப் பார்த்தார். சகலை தலையாட்டினார்.

“எவனோ இணையத்துல போட்டதை எடுத்து டிக்கெட் மெஷின்ல ஓட்டினீங்களா? யாரு எழுதினது, நல்லதா கெட்டதா, ஒண்ணும் பாக்காம?” மேனேஜர் குரலை உயர்த்தவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. “முதலாளிகிட்ட வேற என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. சாயங்காலம் சாவியைக் குடுத்துடுங்க.”

தப்பிக்கச் சகலைக்கு ஒரு வாக்கியம் போதும். பக்கத்தில் நிற்கும் நல்ல சட்டைக்காரரைக் கைகாட்டினால் முடிந்தது. பாலபாடம் அதற்குத் தயாராக இரண்டு மூன்று பதில்களை மனதுக்குள் அடுக்கிவைத்திருந்தார். சகலை காட்டவில்லை. சட்டைப் பையில் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

“மேடம், டி.வி.யில என்னமோ வந்திருக்கு” என்றார் கவுன்டர் பெண்.

நாலாம் பாடத்தை நிறுத்த பாலபாடம் மறந்திருந்தார். சகலையின் ஃபோல்டரை யார் தொட்டாலும் சொல்லும்படி அதற்குக் கட்டளை இட்டவர் அவரே. அது தன் கடமையைச் செய்திருந்தது. பெரிய எழுத்தில், சுவர் முழுக்க, மிகுந்த மரியாதையோடு.

மேனேஜர் கண்ணாடியை மாட்டி வாய்விட்டுப் படித்தார். “வணக்கம். விருந்தினர், ஆறாம் பாடம் கோப்பைப் படிக்கத் திறந்தார். வணக்கம். விருந்தினர், ஆறாம் பாடம் பழைய பிரதி, புதிதாக எழுதத் திறந்தார். வணக்கம். விருந்தினர், ஆறாம் பாடம் கோப்பை எழுதத் திறந்தார்.” கண்ணாடியைக் கழற்றினார். “விருந்தினர் யாரு?”

கவுன்டர் பெண் பாலபாடத்தைப் பார்த்தார். மேனேஜரும் திரும்பினார்.

“நீங்கதானே இங்க விருந்தினர்?”

“அது வந்து மேடம், ஒரு சின்னத் திருத்தம்.”

“பழைய பிரதின்னா?”

“எடிட்டர் பழசை எறியாதுங்க மேடம். பக்கத்துலயே ஒண்ணு எடுத்து வெச்சுக்கும்” என்றார் கவுன்டர் பெண், தெரிந்ததைச் சொன்ன உற்சாகத்தில். “திறந்து பாக்கலாம்.”

திறந்தார்கள். மேனேஜர் அந்த இரண்டு வரிகளையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். முழுப் பெயர், படிப்பு, அடைப்புக்குறிக்குள் பாலபாடம். எந்தக் கணினியிலும் தைரியமாக ஓட்டலாம். ஒன்றும் ஆகாது. கடைசி இரண்டு சொற்களை இன்னொரு தடவை படித்தார். பிறகு புகைப்படத்தின் முகவரியையும் கவுன்டர் பெண் தட்டிவிட்டதில், பாலபாடம் கையைக் கட்டிக்கொண்டு தொலைவைப் பார்க்கும் படம் டி.வி.யை நிறைத்தது.

“இவரை நம்பித்தான் ஓட்டினீங்களா?” என்று சகலையிடம் கேட்டார் மேனேஜர்.

“சொந்தக்காரர் மேடம்” என்றார் சகலை. “வேற யாரை நம்பறது?”

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி. எவனோ எழுதினதை ஓட்டினாருன்னா அவரை அனுப்பணும். எழுதின ஆள் எதிர்ல நிக்கறார், தப்பு என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றார்னா, முதலாளிகிட்ட அந்தக் காகிதத்தைக் குடுத்துட்டு இவரை வெச்சுக்கலாம். எழுதுங்க.”

கவுன்டர் பெண் வெள்ளைத் தாள் கொண்டுவந்தார். பாலபாடம் தன் முழங்காலைப் பார்த்தார். இந்தத் தாள் முதலாளியோடு நிற்காது. பெயரோடு சேர்ந்து வெளியே போகும். அடுத்த மாநாட்டில் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருக்கும். ஆறாம் பாடம் என்றாலே சிரிப்பார்கள். எழுதாவிட்டால் சகலை சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான். வேறு வேலை தேடிக்கொள்ள மாட்டாரா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தார். அந்த நேரம் பார்த்து மனைவி ஃபோனில் கூப்பிட்டார். சகலை அதற்குள் அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும்.

“ஏங்க, என்னமோ எழுதித் தரணுமாமே.”

“யோசிச்சுட்டு இருக்கேன்.”

“அதுல யோசிக்க என்ன இருக்கு? தெளிவா எழுதிட்டு வாங்க” என்று வைத்துவிட்டார்.

அவர் எழுதினார். மேனேஜர் வாங்கிப் படித்தார். “பயிற்சி நோக்கில் வெளியிடப்பட்ட நிரலில் ஒரு வரி விடுபட்டிருந்தது.” நிமிர்ந்தார். “யார் விட்டது?”

அவர் அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

“எளிமை கருதி அவ்வரி நீக்கப்பட்டது. யார் கருதினது? யார் நீக்கினது?”

“பொதுவா அப்படித்தான் மேடம் எழுதுவாங்க.”

“பொதுவா யாருக்கும் வேலை போகல. இவருக்குத்தான் போகுது. ஆள் வெச்சு எழுதுங்க.”

மூன்றாவது தாள். “கற்பிக்கும் ஆர்வத்தில் நாம் சில நேரங்களில்.” மேனேஜர் அங்கேயே நிறுத்தினார். “நாம்னா யாரு? நானும் உண்டா அதுல?”

கவுன்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே வரிசையில் யாரோ கண்ணாடியைச் சாவியால் தட்டினார்கள். பாலபாடம் பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். பத்துப் பாடங்களில், எல்லாப் பதிப்புகளிலும், முதல் வரியில் பெயரைப் போட்டிருக்கிறாரே தவிர ‘நான்’ என்று அவர் ஒரு இடத்திலும் எழுதியதில்லை. எழுத்தே கோணலாக வந்தது.

“அந்த வரியை நான் எடுத்துவிட்டேன்” என்று மேனேஜர் படித்தார். “ஏன்?”

“அதை விளக்கறது கஷ்டமா இருந்துது.”

“அதையும் எழுதுங்க.”

எழுதினார். மேனேஜர் முழுவதையும் கடைசியாக ஒருமுறை படித்தார். “அந்த வரியை நான் எடுத்துவிட்டேன். அதை விளக்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் உங்கள் வட்டு நிரம்பியது. ஓட்டியவர் மேல் தப்பில்லை.” தலையை ஆட்டினார். “இது புரியுது.”

கையெழுத்து வாங்கிக்கொண்டார். சகலை சாவியை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்று முதல்முறையாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டிக்கெட் பதிவைத் தொடக்கி, இரண்டு மூன்று பெயர்களைப் போட்டு அழித்துப் பார்த்தார். கவுன்டர் பெண் ஓடினார். தடுப்பு தூக்கப்படும் சத்தமும், வரிசை ஒரே மூச்சில் முன்னால் நகரும் சத்தமும் கேட்டன.

மேனேஜர் கதவருகே நின்று திரும்பினார். “ஒண்ணு விட்டுப்போச்சு. நான் ஃபோன்ல இருந்தப்ப இவர் பேரை அழிச்சாரே, அந்தத் திருத்தம். அதையும் சேக்கச் சொல்லவா?”

மேனேஜர் கேட்டது சகலையிடம்.

“வேணாம் மேடம்” என்றார் சகலை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது ஆபீஸ் விஷயம் இல்ல. வீட்டு விஷயம்.”

மேனேஜர் போய்விட்டார். பாலபாடத்துக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இணைப்பைப் பிடுங்கி, மடிக்கணினியைப் பைக்குள் வைத்து, ஜிப்பைப் பாதி இழுத்தபோதுதான் அந்தக் கடைசிச் சொல் அவருக்குள் இறங்கியது. வீடு என்றால் அக்காவும் தங்கையும். அதற்கு மேல் மாமனார், தண்ணீர் டம்ளரோடு. வருகிற எல்லா விருந்திலும் சகலை இந்தக் கதையைச் சொல்வார், முன்பு கேட்டிராதவர்களுக்காக முதலிலிருந்து.

“சகலை” என்றார், குரலைத் தாழ்த்தி. “அதையும் எழுதியே குடுத்துடறேனே. தாள் இன்னும் இருக்கு.”

“எதுக்கு சகலை சிரமம்” என்றார் சகலை. “ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றீங்கல்ல?”